கண்ணிமைக்கு அசைவு தந்த டாக்டர் பால் பிராண்ட்



கண்ணை இமை காப்பது போல என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளை வளர்ப்பதற்கும் இந்த உவமைதான், கடை முதலைக் கட்டிக் காப்பதற்கும் இந்த உவமைதான். ஆனால் அந்த இமையே அசையாமல் நின்றுவிட்டால் கண்ணின் கதி என்னவாகும் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருப்போம்? நாம் ஒரு நிமிஷத்திற்குப் பத்துப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பிலும் கண்ணீர் கண்ணின் மேல் மெல்லிய போர்வையாகப் பரவுகிறது. அது நின்றால் கண் உலரும், தூசி படியும், கருவிழியில் புண் உண்டாகும், புண் ஆறித் தழும்பானால் பார்வை மறையும்.

தொழுநோய் கண்ட பல்லாயிரம் ஏழை மக்கள் இப்படித்தான் கண் இழந்தார்கள். அவர்களுடைய இமைக்கு அசைவும், கைக்குப் பிடிப்பும் திருப்பித் தந்தவர்களின் முன் வரிசையில் நிற்பவர் டாக்டர் பால் பிராண்ட். தமிழகத்தின் கொல்லிமலையில் வளர்ந்து, வேலூரில் உழைத்து, உலகம் முழுவதும் பெயர் பெற்ற அப்பெரியார் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்னாருடைய வரலாற்றை நம் ஆயர் தாவார் வியாபாரச் சகோதரர்கள் அறிந்துகொள்வது நன்மை தரும் என்று கருதி இங்கே தருகிறோம்.

கொல்லிமலையில் இளமை

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். அக்காலத்தில் கொல்லிமலைக்குப் பாதை வசதி கிடையாது. மலைக் காய்ச்சலுக்குக் குறைவு கிடையாது. ஜெஸ்ஸி பிராண்ட் வீடு கட்டுவதில் கைதேர்ந்தவர். அத்துடன் ஓரளவு வைத்தியமும் கற்றிருந்தார். பல் பிடுங்குவதும், புண்ணுக்கு மருந்திடுவதும், மரம் அறுப்பதும் எல்லாம் அவர் ஒருவரே.

பால் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் தொழுநோயாளிகள் மூவர் அவர்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது என்று கட்டளை பிறந்தது. தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய பாதங்களைக் கழுவி மருந்து கட்டினார். தாய் ஒரு கூடையில் உணவு கொடுத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை எரித்துவிட்டார்கள். இரக்கமும் அச்சமும் ஒரே வீட்டில், ஒரே வேளையில் இருந்ததை அந்தச் சிறுவன் பார்த்தான். அக்காலத்தில் மிக நல்ல மனிதர்களுக்கும் அந்நோயைப் பற்றி இருந்த பயம் அவ்வளவு.

ஒன்பதாவது வயதில், 1923ஆம் ஆண்டு, படிப்பதற்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் தந்தை மலைக் காய்ச்சலின் கொடிய வகை ஒன்றில் இறந்தார். தந்தி முதலில் வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்து பிறகு கைக்குச் சேர்ந்தது. ஊரை விட்டு வந்து கடல் கடந்த நாட்டில் கடை வைத்து, தந்திக்கும் கடிதத்திற்கும் காத்திருந்த நம் முன்னோர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தத் துயரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கொத்தனார் வேலையிலிருந்து வைத்தியத்திற்கு

இளைஞர் பாலுக்கு வைத்தியத்தில் விருப்பமே இல்லை. தந்தையுடன் இருந்தபோது பார்த்த சீழும் இரத்தமும் அவருக்கு அருவருப்பைத் தந்திருந்தன. ஆகவே கட்டட வேலை கற்கப் போனார். கல் அடுக்குவதும், மரம் இழைப்பதும், பலகை பொருத்துவதுமாகச் சில வருஷங்கள் தொழிலாளர்களோடு தொழிலாளியாக உழைத்தார். பிறகு ஊழியத்திற்கான பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொஞ்சம் வைத்தியம் படிக்க நேர்ந்தது. அப்போது ஆஸ்பத்திரி ஒன்றில், இரத்தம் இழந்து இறந்தவர் போலக் கிடந்த ஒரு பெண்ணுக்கு மாற்று இரத்தம் ஏற்றியதும் கன்னத்தில் நிறம் திரும்பியதை அவர் கண்ணால் கண்டார். அன்றோடு மனம் மாறியது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்ந்து முறையாக வைத்தியம் படித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மீது குண்டு மாரி பொழிந்தபோது, சிதைந்த கைகளையும் கால்களையும் ஒட்டிச் சீராக்கும் ரண சிகிச்சையில் அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. உடன் படித்த மார்கரெட் என்ற பெண்மணியை 1943இல் மணந்தார். அந்த அம்மையாரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைப் பற்றிய நம் கதையில் பாதி அவருடையது.

1946ஆம் ஆண்டின் முடிவில் டாக்டர் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரண சிகிச்சை ஆசிரியராக வந்து சேர்ந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு வைத்தியசாலையே வளர்ந்து அக்கல்லூரியாயிற்று. நம்மில் சிலர் ஊருக்குப் போகும்போது வைத்தியத்திற்குச் செல்லும் ஆஸ்பத்திரி அதுதான்.

ஒரு கைகுலுக்கல்

1947இல் தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் தமது செங்கல்பட்டு ஆரோக்கிய நிலையத்தைப் பார்க்க அவரை அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கி, பறவையின் நகம் போலச் சுருண்ட கைகளை வரிசையாகக் கண்டார் டாக்டர் பிராண்ட். இந்தக் கைகளை எலும்பு வைத்தியர் எவராவது ஆராய்ந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்தது. தோல் வைத்தியர்கள் தோலைப் பார்த்தார்கள். கையை எவரும் கையாகப் பார்க்கவில்லை.

அவர் ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தது தவறாயிற்று. பிடி இரும்பாக இருந்தது. வலியால் துடிக்க வேண்டியதாயிற்று. அந்த வலிதான் அவருடைய ஆராய்ச்சிக்கு முதல். கை முழுவதும் வாதத்தில் விழவில்லை. சில தசைகள் மட்டும் விழுந்திருக்கின்றன, மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன என்று விளங்கியது.

பிறகு இறந்துபோன ஒரு நோயாளியின் உடலைத் திறந்து, நரம்புகளைத் தலை முதல் கால் வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நரம்பு தோலுக்கு அருகே, குளிர்ச்சியான இடத்தில் ஓடும்போதுதான் நோய் அதைத் தாக்கி வீங்கச் செய்கிறது. முழங்கையின் பின்புறம், மணிக்கட்டு, முழங்காலின் பக்கம், கன்ன எலும்பின் மேல் ஆகியவையே அந்த இடங்கள். உடலின் உள்ளே ஆழத்தில் ஓடும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எனவே எந்தத் தசை கெடும், எது கெடாது என்று முன்கூட்டியே சொல்லலாம். கெடாத தசை ஒன்றின் நாரை இடம் மாற்றிக் கட்டி, கெட்ட தசையின் வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம். ஒரு கடையில் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால், சரக்கு நிறுக்கும் பையனுக்கு எழுதப் பழக்கிக் கணக்கில் உட்கார வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

வெட்டுண்ட நரம்பை அப்படியே தைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். முகநரம்பை வேறொரு நரம்போடு இணைக்கும் சிகிச்சையை லண்டனில் சர் சார்லஸ் பாலன்ஸ் 1895லேயே செய்து பார்த்தார். கத்திக் காயத்தில் அறுந்த நரம்புக்கு அவ்வகைச் சிகிச்சை பொருந்தும். தொழுநோயிலோ நரம்பு நெடுந்தூரம் தழும்பாகிவிடுகிறது. ஆகையால்தான் தசையை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

மென்றால் மூடும் இமை

இனி இமைக்கு வருவோம். கண்ணை மூடும் தசை வட்டமாகக் கண்ணைச் சுற்றி இருக்கிறது. அதற்கு ஆணை கொண்டுவரும் முகநரம்பின் கிளை கன்ன எலும்பின் மேல், தோலுக்கு வெகு அருகே ஓடுகிறது. நோய் அதைத் தாக்கினால் கண் மூடாது. தூங்கும்போதும் திறந்தே கிடக்கும். இது ஒரு சங்கடம். மற்றொரு சங்கடமும் உண்டு. கருவிழியின் உணர்ச்சி வேறொரு நரம்பைச் சேர்ந்தது. அதுவும் கெட்டால், தூசி விழுந்தாலும் உறுத்தாது. உறுத்தினால்தானே இமைக்கத் தோன்றும்? காவல்காரனும் போனான், கூப்பிடும் மணியும் போயிற்று என்ற நிலை. முகம் ஒரு பக்கம் விழும் நோயை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹகீம் அர்-ராஸீ தமது அல்-ஹாவீயில் எழுதி வைத்திருக்கிறார். ஆயினும், மூடாத கண்ணை மூட வைக்கும் ரண சிகிச்சை பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில்தான் கைகூடியது.

காதுக்கு மேலே நெற்றிப் பொட்டில் விசிறி போன்ற ஒரு தசை இருக்கிறது. பல்லைக் கடித்தால் அது புடைப்பதை விரல் வைத்து உணரலாம். மெல்லுவதற்கான தசை அது. அதன் நரம்பு ஆழத்தில் ஓடுவதால் தொழுநோய் அதைத் தீண்டுவதில்லை. ஆங்கில நிபுணர் சர் ஹரோல்ட் கில்லீஸ் காட்டிய வழியைத் தழுவி, டாக்டர் பிராண்டும் அவர் குழுவினரும் அந்தத் தசையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து முன்னே திருப்பினார்கள். அதன் நாரை இரண்டு இழையாக்கி, மேல் இமை வழியாக ஒன்றும் கீழ் இமை வழியாக ஒன்றும் நுழைத்து, மூக்கோரம் கண்ணின் மூலையில் கட்டினார்கள். நோயாளி பல்லைக் கடித்தால் இழைகள் இழுபட்டு இமைகள் கூடும்.

கத்தியின் வேலை அத்துடன் முடிந்தது. நோயாளியின் வேலை அப்போதுதான் தொடங்கியது. மெல்லப் பிறந்த தசைக்கு இமைக்கச் சொல்லித் தர வேண்டும். கண் உறுத்தாதவருக்கு நினைவுதான் மணி. ஆகவே சிறிது நேரத்திற்கு ஒருமுறை பல்லைக் கடித்து இமையை மூட வேண்டும் என்று பழக்கினார்கள். சாப்பிடும்போது கண் தானாக மூடித் திறக்கும். பார்ப்பவர்களுக்கு விநோதமாக இருக்கும். ஆனால் பார்வை பிழைத்தது.

இந்தக் கண் வேலையைப் பெரும்பாலும் தாங்கியவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட் அம்மையார். அவர் கண் வைத்தியம் படித்து வந்தவரல்லர். 1947இல் குழந்தைகளோடு வேலூருக்கு வந்த அவரை, ஆள் பற்றாக்குறையால் கண் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். கண்ணைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லியும் நிர்வாகம் விடவில்லை. வேலையிலேயே கற்றார். பின்னாளில் தொழுநோயால் வரும் கண் கோளாறுகளில் உலகமே யோசனை கேட்கும் நிபுணரானார். 2014இல் காலமானார்.

புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோலிலிருந்து, இரத்தக் குழாயோடு ஒரு துண்டை நகர்த்திப் புருவம் அமைத்தார்கள். தலைமயிர் போலவே அது வளர்ந்துகொண்டிருக்கும், கத்தரித்துவிட வேண்டும். நெடுநாள் புருவமில்லாமல் இருந்தவர்கள் சிலர் பெருமைப்பட்டுக்கொண்டு கத்தரிக்காமலே நீள விட்டார்களாம். இதை வீண் அலங்காரம் என்று எண்ணலாகாது. முகத்தைப் பார்த்துத்தான் உலகம் வேலை கொடுக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் கடையில் ஏற விடுகிறது. வியாபாரிகளாகிய நமக்கு இது தெரியாததன்று.

பிச்சைக்கு உதவாத கை

டாக்டர் பிராண்டின் வாழ்க்கையில் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கும் கட்டம் இதுதான். சுருண்ட கைகளை நிமிர்த்தி அனுப்பிய நோயாளிகள் சிலர் சில மாதங்களில் திரும்பி வந்தார்கள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை என்று குறைப்பட்டார்கள். சுருண்ட கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. வேலை கேட்டாலோ, நோய் நீங்கியவர் என்றாலும் எவரும் வேலை கொடுக்கவில்லை. தங்க இடமும் கொடுக்கவில்லை. இரண்டு வழியும் அடைபட்டது.

கையைச் சீராக்கியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் ஒரு சிறு குடியிருப்பை உண்டாக்கினார். அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். இளமையில் கற்ற இழைப்புளி வேலை அங்கே கைகொடுத்தது; வீணாய்ப் போயிற்று என்று எண்ணிய வருஷங்கள் வட்டியோடு திரும்பின. கற்ற தொழில் எதுவும் நஷ்டக் கணக்கில் சேராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அங்கேதான் மற்றொரு பெரிய உண்மையும் வெளியாயிற்று. தொழுநோய் விரல்களை அழுகி விழச் செய்கிறது என்றே உலகம் நம்பியிருந்தது. டாக்டர் பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவர் முயன்றும் திறக்கவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வேறு சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு பகுதி குறைந்திருந்தது. விழித்திருந்து காவல் பார்த்ததில், எலி கடித்துப் போவது தெரிந்தது. வலி இல்லாததால் தூங்குகிறவர் கையை இழுக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள்.

ஆக, விரலைத் தின்றது நோயன்று, வலி தெரியாமையே. சுடுபாத்திரமும் ஆணியும் இறுகிய செருப்பும் செய்த வேலை அது. தினமும் கை கால்களைப் பார்த்து, கொப்புளம் கண்டால் உடனே ஓய்வு கொடுத்தால், விரல்கள் நிலைக்கும் என்று அவர் காட்டினார். வலி ஒரு தண்டனையன்று, அது ஒரு பாதுகாப்பு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த கருத்து.

அவருக்கே ஒரு சோதனை வந்தது. அமெரிக்கப் பயணம் முடித்து லண்டனுக்கு வந்த ஓர் இரவு, நீண்ட ரயில் பிரயாணக் களைப்பில் காலுறையைக் கழற்றியபோது, குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் ஒட்டிவிட்டது என்று நம்பி, மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டியதை நினைத்து இரவெல்லாம் தவித்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. உட்கார்ந்தே வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக இறைவனுக்கு நன்றி சொன்னார்.

வேலூரிலிருந்து உலகுக்கு

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வெளிநாட்டு வைத்தியர்கள் அங்கே கற்க வந்தார்கள். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை ரண சிகிச்சை செய்யலாம் என்று ஊக்கம் கொடுத்தவர் டாக்டர் பிராண்ட். அவ்வம்மையார் பின்னர் வேலூரில் ஊனமுற்றோர் மறுவாழ்வுப் பகுதியை உருவாக்கினார்.

பரிசுகளும் வந்தன. 1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும், 1961இல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டமும் கிடைத்தன. 1966இல் குடும்பத்துடன் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்று இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய தாயாரோ கொல்லிமலைப் பக்கத்து மலைகளை விட்டு அசையவில்லை. ஓய்வு பெறும் வயது கடந்தும் மலையூர்களில் வைத்தியம் செய்து, 1974இல் 95ஆம் வயதில் கண்மூடினார். டாக்டர் பிராண்ட் 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி சியாட்டில் நகரில் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டிலும் இந்நோயின் சரித்திரம் நீளமானது. பினாங்கு அருகே ஜெரஜாக் தீவும், 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பும் அதற்குச் சாட்சி. தோட்டப்புறத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குக் கை மடங்கினால், கத்தி பிடிக்க முடியாது, பிழைப்பு போயிற்று. உறவும் போயிற்று. 1980களிலிருந்து கூட்டு மருந்து முறை வந்து, இன்று தொழுநோய் முழுவதும் குணமாகக்கூடிய ஒன்று. மருந்து தொடங்கியதுமே பிறருக்குப் பரவுவதும் விரைவில் நின்றுவிடுகிறது. தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் அரசாங்க கிளினிக்கில் காட்டுவதே அறிவுடைமை. நரம்புச் சேதம் புதிதாக இருக்கும்போதே மருந்து கொடுத்தால் அதைத் திருப்பவும் வழி உண்டு.

டாக்டர் பிராண்ட் கார்வில்லில் செய்த ஆராய்ச்சி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. சர்க்கரை நோயாளியின் பாதமும் இதே போல உணர்ச்சி இழக்கிறது என்றும், அழுத்தம் ஒரே இடத்தில் விழாதபடி செருப்பும் மாவுக்கட்டும் அமைத்தால் காலை வெட்டாமல் காக்கலாம் என்றும் அவரும் அவர் தோழர்களும் எடுத்துக் காட்டினார்கள். காலை முதல் இரவு வரை கல்லாவிலும் அடுப்படியிலும் நிற்கிற நம் சகோதரர்களில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்? தினமும் இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்ப்பது கடைக் கணக்கைப் பார்ப்பதற்குக் குறைந்த வேலையன்று.

கண்ணுக்கும் இதே எச்சரிக்கைதான். திடீரென்று ஒரு பக்க முகம் விழுந்து இமை மூடாமல் போனால், எண்ணெயும் ஒத்தடமும் என்று நாளைக் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். முதலாவது, அது பக்கவாதமாகவும் இருக்கலாம். வெறும் முகவாதமாயின் முதல் 3 நாட்களுக்குள் கொடுக்கும் மருந்து நல்ல பலன் தருகிறது. அதுவரை கண் உலராமல் சொட்டு மருந்தும், இரவில் மூடிக் கட்டுவதும் அவசியம். இமை தொங்கினாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும் தாமதம் கூடாது. சர்க்கரை நோயிலும் இது வருவதுண்டு. நிரந்தரமாக இமை விழுந்தவர்களுக்கும் இன்று வழிகள் பெருகியுள்ளன. மேல் இமைக்குள் சிறு தங்கத் தகடு வைத்துக் கனத்தால் மூட வைக்கிறார்கள். காலிலிருந்து நரம்பெடுத்து முகத்தின் நல்ல பக்கத்தோடு இணைக்கிறார்கள். உணர்ச்சியற்ற கருவிழிக்கே நரம்பு கொண்டு சேர்க்கும் சிகிச்சையும் வந்துவிட்டது.

டாக்டர் பிராண்ட் வேறு மார்க்கத்தவர். அவர் தொட்ட கைகளோ எல்லா மார்க்கத்தவருடைய கைகளும். தச்சு வேலையும் அறுவை வேலையும் கற்ற அவர், நோயாளிக்குக் கடைசியாகத் தேடிக் கொடுத்தது பிழைப்பும் மரியாதையுமே. சிகிச்சை முடிந்த ஒருவர் நம் கடைக்கு வேலை கேட்டு வரும் நாளில், வைத்தியர் செய்ய முடிந்ததை அவர் செய்து முடித்திருப்பார். மீதி நம் கையில் இருக்கும். அந்த மீதியைத் தட்டாமல் செய்யும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.